பொரி வறுக்கும் சத்தம்

மே 4, திங்கள்

இன்று என் தங்கச்சி வீட்டிலிருந்து அவசர அழைப்பு. அவசரம் என்று தங்கச்சி மகள் சொல்லவில்லை. "மாமா, சும்மா இருந்தா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றுதான் சொன்னாள். என்னைப் போன்ற ஆளை ஒருத்தர் கூப்பிட்டால் அது அவசரம்தான்.

பிற்காலத்தில் இதைப் படிக்கப் போகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஆவுடைநாயகம். ஆவுடை சவுண்ட் சர்வீஸ் என்றால் ஒரு காலத்தில் கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் வரைக்கும் தெரியும். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. நான் கேட்ட கேள்விகளுக்கு வாத்தியார்களிடம் பதில் இல்லாததுதான் காரணம். தொண்ணூற்று ஒன்றில் ஒரு பெரிய கட்சி மாநாட்டில், பத்தாயிரம் ஜனம் கூடியிருக்கும்போது மைக் ஊளையிட ஆரம்பித்தது. மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினியர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ஒரே ஒரு வயரைத் தொட்டு நிறுத்தியவன் நான்.

தங்கச்சி பெயர் தங்கபுஷ்பம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டியே மகளை ஆளாக்கியவள். கை ஒட்டும், வாய் பாடும். எல்லாம் அவளே கட்டிய பாட்டு. மேஸ்திரி வழுக்கைக்கு ஒன்று, வராத பஸ்ஸுக்கு ஒன்று என்று இஷ்டத்துக்கு. கூட வேலை பார்க்கிற பெண்கள் சிரித்துச் சிரித்துப் பசையைக் கொட்டுவார்களாம். இப்போது அவள் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். மே இருபத்தைந்தாம் தேதி ஆபரேஷன். அதற்குப் பிறகு அவளுக்குப் பேச்சு கிடையாது, பாட்டும் கிடையாது.

அதற்குள் அம்மா பாட்டையெல்லாம் பதிந்துவிட வேண்டும் என்று மகள் மாரிச்செல்வி சென்னையிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். லேப்டாப், ஒரு மைக், இரண்டையும் சேர்க்கச் சோப்பு டப்பா அளவில் ஒரு சிவப்புப் பெட்டி. மைக்கும் பெட்டியும் இரவல். ஹாஸ்டலில் கூடத் தங்கியிருக்கிற ரெஜி என்ற பெண் கொடுத்தாளாம். சினிமாக்காரர்களுக்குச் சத்தம் வெட்டி ஒட்டுகிற வேலையாம் அவளுக்கு.

செல்வி பதிந்ததைப் போட்டுக் காட்டினாள். புஷ்பத்தின் குரல் வந்தது. நடுவில் நடுவில் பொரி வறுக்கிற மாதிரி படபடவென்று ஒரு சத்தம்.

"இதான் மாமா. ரெண்டு நாளா எது எடுத்தாலும் இப்படித்தான் வருது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அனுபவசாலிகள் அப்படித்தான் கேட்பார்கள்.

"எர்த் கோளாறு" என்றேன்.

"லேப்டாப் பேட்டரியிலதான மாமா ஓடுது. பிளக்கே சொருகலையே."

"அதான் ஏட்டி கோளாறு. சொருகாம எர்த் எப்படி வரும்?"

புஷ்பம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நோயாளியைச் சிரிக்கவைப்பது பாதி வைத்தியம்.

மே 5, செவ்வாய்

பிளக் பாயிண்டைக் கழற்றி மாற்றினேன். வீட்டில் பாதிக்குக் கரண்ட் போய்விட்டது. நல்ல அறிகுறி.

மே 6, புதன்

எர்த் குழி காய்ந்துபோய்க் கிடந்தது. அக்னி நட்சத்திரத்தில் வேறு எப்படி இருக்கும்? உப்பைக் கரைத்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். மண் உறிஞ்சியதைப் பார்க்க வேண்டும், குடிகாரன் மாதிரி உறிஞ்சியது. பிறகுதான் தெரிந்தது, அது குடிக்கிற தண்ணீராம். இனிக் குழாயில் வர அடுத்த வாரமாம்.

"மாமா, அம்மாவுக்குத் தொண்டை நனைக்கக்கூட இப்ப தண்ணி இல்ல" என்றாள் செல்வி.

"பாடிட்டுக் குடிக்கலாம். முதல்ல கோளாறு போகட்டும்."

பக்கத்து வீட்டில் ஒரு செம்பு வாங்கி வந்தாள். இந்தத் தலைமுறைக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வழி தெரிகிறது, பாராட்ட வேண்டும்.

பதிவு எடுத்தோம். வராத பஸ் பாட்டு. போட்டுக் கேட்டால் பொரி அப்படியேதான் இருந்தது. ஆனால் அதில் ஒரு தெளிவு வந்திருந்தது என்பதை நான் உணர்ந்தேன்.

செல்வி ஒன்று சொன்னாள். "மாமா, ஒரே பாட்டைத்தான் திரும்பப் போடுதேன். முதல்ல 'பஸ்ஸு' ங்கிற இடத்துல படபடன்னுச்சு. இப்ப அந்த இடம் சுத்தமா இருக்கு, வேற இடத்துல வருது."

"சத்தம் நகரும் தாயி. மாநாட்டில அம்பதாயிரம் பேருக்கு முன்னால நான் பார்த்ததுதான. இங்க பிடிச்சா அங்க போகும்."

அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். அதிகம் யோசித்தால் எந்தப் பெண்ணுக்கும் முகம் கறுத்துப்போகும் என்று சொன்னேன். ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறது அவளுக்கு.

மே 8, வெள்ளி

இன்று மனது சரியில்லை. நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

நான் சிகரெட் அட்டையின் வெள்ளித் தாளைப் பிரித்து மைக் வயரில் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் செல்வி அம்மாவிடம் தணிந்த குரலில், "ரெஜிகிட்ட ஒரு பாட்டை அனுப்பிக் கேட்டுப்பாப்போம்மா, அவளுக்குத் தெரியும்" என்கிறாள். தணிந்த குரல் எனக்குக் கேட்காதா? காது என் தொழில்.

வெள்ளித் தாளைக் கீழே வைத்தேன். செருப்பை மாட்டினேன்.

"அண்ணாச்சி, எங்க கிளம்பிட்டீங்க? சாப்பிட்டுப் போங்க" என்றாள் புஷ்பம்.

"இருக்கட்டும். தாய்மாமன் குத்துக்கல்லு மாதிரி இங்க உக்காந்திருக்கேன். எவளோ ஒருத்திக்கு நம்ம வீட்டுக் கோளாறை அனுப்பணுமாம். ஆவணியிலயும் அவளே வந்து மாலை எடுத்துக் குடுக்கட்டும்."

வேறு ஒன்றும் பேசவில்லை. பேசினால் வார்த்தை தடித்துவிடும். தெரு முனை வரைக்கும் மெதுவாக நடந்தேன், பின்னால் செல்வி ஓடி வர வசதியாக இருக்கட்டும் என்று. ஓடி வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தெரியாம சொல்லிட்டேன் மாமா, வாங்க" என்றாள். புஷ்பம் உள்ளே சொன்னதும் எனக்குக் கேட்டிருந்தது. "அண்ணாச்சி மனசு நோகவேண்டாம் தாயி, விடு. பாட்டு கிடக்கு. நாளைக்கு உனக்கு முன்னால நிக்க அவர விட்டா யாரு இருக்கா?"

அதுதான் வளர்ப்பு. சாப்பிட்டேன். சுண்டவத்தல் குழம்பு.

மே 9, சனி

இனி முழுப் பொறுப்பும் என்னுடையது. அதனால் வேலையை முறைப்படுத்தினேன். ஃபேன் ஓடக்கூடாது. ஃபிரிட்ஜ் ஓடக்கூடாது. ஜன்னலுக்குக் கம்பளி, கதவுக்குப் பஞ்சு மெத்தை. உள்ளே நின்றால் செங்கல் சூளை மாதிரி கம்மென்று இருந்தது. ஸ்டுடியோ என்றால் இதுதான்.

காலையில்தான் தொண்டை நன்றாக இருக்கும், ஒரு நாளைக்கு இரண்டு பாட்டுக்கு மேல் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். டாக்டருக்குத் தொண்டை தெரியும், கரண்ட் தெரியுமா? மத்தியானம்தான் லைன் சீராக இருக்கும். மத்தியானத்துக்கு மாற்றினேன். மேஸ்திரி பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடவைத்தேன். ஒவ்வொரு தடவையும் படபட. ஒவ்வொரு தடவையும், "ம், இன்னொண்ணு" என்றேன். புஷ்பத்தின் ரவிக்கை பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்கு நனைந்துவிட்டது. கலை என்றால் அப்படித்தான்.

கடைசியாக அவளே ஒரு பாட்டை எடுத்தாள். நான் கேட்கவில்லை.

"கொழாயக் கட்டி ஊரக் கூட்டுன அண்ணாச்சி – எங்
கொரல மட்டும் கொறச்சு வச்சியே, என்னாச்சி?"

கொழாய் என்றால் என் குழாய் ஸ்பீக்கர். இன்னும் ஐந்தாறு அடி. செல்வி தலையைக் குனிந்து லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். புஷ்பம் என்னைப் பார்த்தே பாடினாள். கோபமாகப் பாடவில்லை, சிரித்துக்கொண்டேதான். தீப்பெட்டி ஆபீசில் இந்தப் பாட்டுக்குத்தான் கிராக்கி அதிகமாம்.

விஷயம் இதுதான். அவளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் மேடையேறிப் பாட ஊர்ப் பையன்கள் ஏற்பாடு செய்துவிட்டார்கள். மைக் செட் என்னுடையது. அவள் இரண்டாவது அடி எடுத்தாள், சத்தம் நின்றுவிட்டது. வயர் லூஸ். நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே, அதன் மேல் கையை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அப்படியிருந்தும் கோளாறு வந்தது என்றால் அது எவ்வளவு பெரிய கோளாறாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் மேடையில் நின்று பாடினால் நாளைக்கு எவன் கேட்டு வருவான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தனி விஷயம்.

பதிந்ததைப் போட்டுக் கேட்டோம். மற்ற எல்லாப் பாட்டையும்விட இதில்தான் பொரி அதிகம். செல்வி, "இதுல கம்மியாத்தான மாமா இருக்கு" என்றாள். அவள் காது இன்னும் பக்குவப்படவில்லை. "கெட்டதை வச்சிருந்தா நல்லதையும் கெடுக்கும், அழிச்சிரு" என்றேன். அவள் எதையோ அழுத்தினாள். அழித்தாளா, வேறு எங்காவது தள்ளிவைத்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அழுத்தம்.

மே 11, திங்கள்

புஷ்பத்தின் கைத்துண்டில் சிவப்பு. வெற்றிலை போட்டிருப்பாள். அவள் ஆயுளில் வெற்றிலை போட்டதில்லை என்று என் வீட்டுக்காரி வேலம்மாள் சொல்கிறாள். ஒருத்தி வாய்க்குள் நடப்பது இன்னொருத்திக்கு எப்படித் தெரியும்?

மே 12, செவ்வாய்

வீட்டில் சிறு வாக்குவாதம். வேலம்மாள் சோற்றைப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அந்தப் பிள்ளையப் பாட விடுங்க. பக்கத்துல உக்காந்து உயிர எடுக்காதீங்க."

"உனக்கு என்ன தெரியும்? ஒரு லட்சம் ஜனத்துக்கு மத்தியில..."

"எந்த ஒரு லட்சம்? நானும் வந்திருந்தேம்லா. தெருமுனைக் கூட்டம். எண்ணினா நாப்பது தலை தேறாது. மைக்கும் கடைசி வரைக்கும் ஊளையிட்டுட்டுத்தான் இருந்துச்சு. பேச வந்தவரு மைக்கைத் தள்ளிவச்சிட்டு வாயாலயே பேசிட்டுப் போனாரு."

பெண்களுக்குக் கூட்டத்தை அளக்கத் தெரியாது. ரசம் நன்றாக இருந்தது.

மே 13, புதன்

நீளமான நாள். புஷ்பத்தின் குரல் இறங்கிக்கொண்டே போகிறது. காலையில் "செல்வி" என்று கூப்பிட்டது அடுப்படி வரைக்கும்கூடப் போகவில்லை. செல்விக்கு அதைப் பார்த்ததும் என்ன ஆனதோ, லேப்டாப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, நீங்க கோவிச்சாலும் சரி. நான் ரெஜிக்கு ஒரு பாட்டை அனுப்பப்போறேன். அம்மாகிட்ட குரல் இருக்கதே இன்னும் கொஞ்ச நாளுதான்."

நான் பெருந்தன்மையாக, "அனுப்பு" என்றேன். அவள் எதிர்பார்க்கவில்லை. பெரிய மனிதர்கள் இப்படித்தான் சில இடங்களில் விட்டுக்கொடுத்து ஆளைத் திகைக்கவைப்பார்கள்.

அவள் அனுப்பத் தயாராக எல்லாம் திறந்துவைத்திருந்த நேரம், தெருவில் தண்ணீர் லாரி வந்தது. வீட்டில் ஒரு சொட்டு இல்லை. எந்தப் பாட்டு என்பதை அழுத்தினால் போய்விடும், ஆனால் லாரி நிற்காது. குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "நான் வந்து அனுப்புதேன் மாமா, தொடாதீங்க" என்று வாசலிலிருந்து சொன்னாள்.

இதில் தொடுவதற்கு என்ன இருக்கிறது? ஆனால் ஒன்று யோசித்தேன். நம் வீட்டுப் பெண் குரலை முகம் தெரியாத ஒருத்திக்கு எதற்கு அனுப்ப வேண்டும்? அவள் அதை நாலு பேருக்குப் போட்டுக் காட்டுவாள். கோளாறைத்தானே கேட்க வேண்டும், அதற்கு எந்தக் குரலாக இருந்தால் என்ன? காலையில் மைக்கைச் சோதிக்க நான் பேசியது ஒன்று இருந்தது. அதை அழுத்தி அனுப்பினேன். செல்வி வந்ததும், "அனுப்பியாச்சு" என்றேன். அவள் தண்ணீரை இறக்கிவைத்துவிட்டு, "எந்தப் பாட்டு?" என்று கேட்டாள். "நல்ல பாட்டுத்தான்" என்றேன்.

ரெஜி ஏதோ மலையில் படப்பிடிப்பில் இருக்கிறாளாம், சிக்னல் கிடைக்கும்போதுதான் பதில் வருமாம். இப்படிப்பட்ட ஆளைத்தான் நம்புகிறார்கள்.

மே 15, வெள்ளி

வெற்றி. இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும், பேனாவில் மை குறைவு.

ஆபரேஷனுக்கு முன்னால் ஸ்கேன் எடுக்கச் செல்வி காலை பஸ்ஸில் புஷ்பத்தை மதுரைக்குக் கூட்டிப் போனாள். வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தாள். நான் மெத்தையையும் கம்பளியையும் சரிபார்க்கலாம் என்று போனேன். லேப்டாப் மேஜை மேல் சும்மா இருந்தது. அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பிடிபட்டது. கோளாறு கரண்டில் இல்லை, மைக்கில் இல்லை. மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. போன வருஷம் என் செல்போன் திக்கித் திணறியபோது கடைக்காரன் ஃபார்மட் போட்டான், புதுப் பெண்டாட்டி மாதிரி ஆகிவிட்டது. அதேதான் இதற்கும்.

பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஒரு கம்ப்யூட்டர் கடை. ரகசிய எண்ணை நானே அழுத்தினேன். செல்வி அழுத்தும்போது விரல் போகிற வழியைப் பார்த்துவைத்திருந்தேன். கடைக்காரன் உள்ளே புரட்டிப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினான்.

"அண்ணாச்சி, இதுல பாட்டு நிறைய கிடக்கு. 'அம்மா, அழிக்கக்கூடாது'ன்னு பேர் போட்டு ஒரு ஃபோல்டர் வேற இருக்கு. இதையெல்லாம் காப்பி எடுத்துவச்சிருவமா?"

"எல்லாம் கெட்டுப்போனது. அதை எடுத்தா வியாதியும் கூடவே ஒட்டிட்டு வரும்."

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்களேன்."

"நாந்தான் வீடு. சுத்தமாத் துடைச்சிரு. ஒரு பொட்டு மிச்சம் இருக்கக்கூடாது."

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். தெளிவாக முடிவெடுக்கிறவர்களை ஜனங்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். சாயங்காலம் ஆனது. எல்லாம் புதிதாக ஏற்றி, பதிவு செய்கிற சாஃப்ட்வேரும் போட்டுக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து மைக்கை மாட்டி, "ஹலோ" என்று ஒரு சொல் சொல்லிப் போட்டுக் கேட்டேன். பொரி இல்லை. படபட இல்லை. குளத்துத் தண்ணீர் மாதிரி சுத்தம். அந்த ஹலோவை அழித்தேன். எல்லாம் புதிதாகப் புஷ்பத்தின் பாட்டிலிருந்தே தொடங்கட்டும் என்று ஒரு மரியாதை.

மே 16, சனி

காலையில் இருவரும் வந்து இறங்கினார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர் இருபத்தைந்து வரைக்கும் பொறுக்க முடியாது, இருபதாம் தேதியே செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். உள்ளே ரத்தம் கசிகிறதாம்.

செல்வி பையை இறக்கிவைக்கும்போதே போன் வந்தது. ரெஜி. செல்வி கை வேலையாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போட்டாள்.

"செல்வி, சாரிடி, இப்பத்தான் சிக்னல் வந்துச்சு. ஃபைல் கேட்டேன். சுத்தமா இருக்கே. ஒரு சொட்டுச் சத்தம் இல்ல."

"பொரிப்பொரின்னு கேக்குமே?"

"அது பதிவுல இல்லடி. போட்டுக் கேக்கும்போது உன் லேப்டாப்தான் அந்தச் சத்தத்தை உண்டாக்குது. மெஷினுக்கு மூச்சு முட்டுது, அவ்வளவுதான். செட்டிங்ல பஃபர்னு ஒரு நம்பர் இருக்கும், அதைக் கூட்டி வச்சாப் போயிரும். முதல் நாள்ல இருந்து நீ எடுத்தது எல்லாமே நல்லாத்தான் இருக்கும். அப்படியே மொத்தமா எனக்கு அனுப்பு, நான் பத்திரமா வச்சுக்கிடுதேன்."

செல்வி சிரித்தாள். அவள் வந்ததிலிருந்து நான் பார்த்த முதல் சிரிப்பு. அம்மாவைப் பிடித்து உலுக்கினாள். "எல்லாம் இருக்கும்மா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ இனிமே பாட வேண்டாம்." புஷ்பம் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பேச முடியவில்லை. கையை மட்டும் கூப்பினாள், எந்தச் சாமிக்கோ.

போனில் ரெஜி தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தாள். "ஆமா, அம்மா பாட்டை அனுப்புவேன்னு பாத்தா, யாரோ ஒரு பெரியவர் மைக் டெஸ்ட் பண்ணுறதை அனுப்பியிருக்க. யாருடி அது?"

செல்வி அதற்குள் லேப்டாப்பைத் திறந்திருந்தாள். அவள் பார்க்கட்டும் என்று நான் காத்திருந்தேன். நல்ல செய்தியை நாமே முந்திச் சொல்லக்கூடாது.

பார்த்தாள். மூடினாள். திரும்பத் திறந்து பார்த்தாள்.

"மாமா, இதுல இருந்ததெல்லாம் எங்க?"

"சத்தத்தை எடுத்துட்டேன் தாயி. ஃபார்மட். இப்ப பாடச் சொல்லு, கண்ணாடி மாதிரி விழும்."

போனில் ரெஜி, "செல்வி? செல்வி?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் எடுத்து, அப்புறம் பேசுவாள் என்று மரியாதையாகச் சொல்லி வைத்தேன்.

கடைக்குப் போய்க் கேட்டேன். போனதை மீட்டுத்தர முடியாதாம். "ஒரு பொட்டு மிச்சம் இருக்கக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்கிறான். வேலையில் சுத்தமான பையன், அதைச் சொல்ல வேண்டும்.

மே 17, ஞாயிறு

விட்டுவிடுகிற ஆள் இல்லை நான். அதிகாலையிலேயே போய் எல்லாவற்றையும் மாட்டினேன். பொரி இல்லாத மெஷின், கம்பளி போட்ட அறை, முன்னால் புஷ்பம். இதைவிட என்ன வேண்டும்?

"பாடு புஷ்பம்."

அவள் வாயைத் திறந்தாள். காற்று வந்தது. சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கினால் வருமே, அந்தச் சத்தம். திரும்பத் திறந்தாள். கழுத்து நரம்பு எல்லாம் எழும்பி நின்றது. திரையில் கோடு ஆடக்கூட இல்லை. நான் சிவப்புப் பெட்டியின் திருகைக் கடைசி வரைக்கும் திருப்பி, "வயித்துலருந்து எடு" என்றேன்.

செல்வி வந்து மைக்கைக் கழற்றினாள். தன் அம்மா முன்னால் மண்டியிட்டு, "போதும்மா, போதும்" என்று அவள் வாயைக் கையால் மூடினாள். பிறகு என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "மாமா, நீங்க வீட்டுக்குப் போங்க. இனிமே இங்க வராதீங்க" என்றாள்.

நான் இத்தனை நாள் ஓடியாடி உழைத்ததைப் பார்த்து, ஓய்வெடுக்கச் சொல்கிறாள். வந்து நன்றாகத் தூங்கினேன்.

மே 20, புதன்

ஆபரேஷன் முடிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த எல்லோருக்கும் நான்தான் தைரியம் சொன்னேன், தெரியாதவர்களுக்கும் சேர்த்து.

மே 29, வெள்ளி

இன்று வேலம்மாளோடு மதுரைக்குப் போய்ப் புஷ்பத்தைப் பார்த்தேன். கழுத்தில் ஒரு துளை, அதில் சின்னக் குழாய். மூச்சு அங்கிருந்துதான் வருகிறது. முகம் தெளிவாக இருக்கிறது. ஜன்னல் பக்கத்துக் கட்டில், நல்ல காற்று. நான் சொல்லித்தான் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். நான் உள்ளே போனதும் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே போனார்கள். மரியாதை தெரிந்தவர்கள். செல்வி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். "வாங்க மாமா" என்று சொல்லவில்லை. அத்தையை மட்டும் உட்காரச் சொன்னாள்.

புஷ்பம் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு செல்போனில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு இடம் வரும், விரலால் பின்னால் தள்ளுவாள். திரும்ப அதே இடம் வரும், திரும்பத் தள்ளுவாள்.

"என்னத்த அப்படிக் கேக்கா?" என்று செல்வியிடம் கேட்டேன்.

ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "நீங்க அனுப்பினீங்கள்ல மாமா, ரெஜிக்கு. அது அவகிட்ட இருந்துச்சு. அம்மா குரல் இருக்கது அது ஒண்ணுலதான்."

எனக்குப் புரியவில்லை. அதில் நான் அல்லவா பேசியிருக்கிறேன்? புஷ்பத்தின் ஒரு காதிலிருந்து இயர்போனை உருவி என் காதில் வைத்தேன். அவள் தடுக்கவில்லை, கண்ணைத் திறக்கவும் இல்லை.

நான்தான். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஆவுடை சவுண்ட் சர்வீஸ்." என்ன ஒரு கம்பீரம். ஒவ்வொரு எழுத்தும் மணி மணியாக விழுகிறது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, அறையின் மறு கோடியிலிருந்து, தூரத்து ரேடியோ மாதிரி புஷ்பம் தன்பாட்டுக்கு ஏதோ பாட ஆரம்பிக்கிறாள். "பசை காயு..." என்கிற வரைக்கும் வருகிறது. உடனே நான், "ஏ புஷ்பம், சும்மா இரு. டெஸ்ட் பண்ணும்போது குறுக்க பாடாத" என்கிறேன். அத்தோடு முடிகிறது.

நான் கேட்டு முடிப்பதற்குள் அவள் விரல் பின்னால் தள்ளிவிட்டது. திரும்ப நான். திரும்ப "பசை காயு". திரும்ப நான். ரெஜி எவ்வளவோ முயன்று பார்த்தாளாம், என் குரலைப் பிரித்து வெளியே எடுக்க முடியவில்லையாம். முடியாதுதான். என் குரல் அப்படி.

நாங்கள் கிளம்பும் வரைக்கும் புஷ்பம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போது வேலம்மாளிடம் சொன்னேன், "பாத்தியா, அண்ணன் குரல் மேல அவளுக்கு எவ்வளவு பாசம்." வேலம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். வெயில் அந்தப் பக்கம் குறைவு.

ஒன்றைக் கட்டாயம் எழுதிவைக்க வேண்டும். அந்தப் பதிவில் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரு பொட்டு இரைச்சல் இல்லை.